பத்துக்குப் பன்னிரண்டு

மார்ச் 6

அன்புள்ள சகலைக்கு,

நானும் பெரியவளும் சௌக்கியம். என் முட்டி மட்டும் வழக்கம்போல் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது. வாண்டுக்குக் காதுவலி என்றீர்களே, குழந்தைக்கு இப்போது தேவலையா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் இந்தப் பக்கம் ஒரு காது நீள்கிறது, அந்தப் பக்கம் ஒரு காது நீள்கிறது. நாம் இரண்டு பேரும் "அங்க மழையா, இங்க இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். மூன்று வருடமாக நாம் பேசிய மழையில் ஓர் ஊரே மூழ்கியிருக்கும்.

விஷயம் இதுதான். நாலு பேருமாகச் சேர்ந்து வாங்கிப் போட்ட ஏரிக்கரை நிலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். புதர் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. ஆனால் ஏரி அப்படியே இருக்கிறது. திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அங்கே ஒரு மரவீடு கட்டப்போகிறேன். ஒரே அறை, பத்துக்குப் பன்னிரண்டு. விடுமுறைக்குப் போனால் நாலு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். கொத்தனார், ஆசாரி என்று யாரையும் வைக்கக் கட்டுப்படியாகாது. எல்லாம் என் கையால்தான். லேபில் வேலையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டேன், மீதி நாள் என்னுடையது. பல்செட் செய்கிறவன் வீடு கட்டுவதா என்று சிரிக்க வேண்டாம். அளவெடுப்பது, இழைப்பது, பொருந்தாவிட்டால் மறுபடி இழைப்பது, எல்லாம் ஒன்றுதான். வாய்தான் கொஞ்சம் பெரியது.

நிலத்தில் பாதி உங்களுடையது. அதனால் உங்கள் சம்மதம் வேண்டும்.

அத்தை போய் மூன்று வருடம் ஆகிறது. அக்கா பெரியவளும் தங்கை சின்னவளும் பேசாமலிருப்பதும் அதே மூன்று வருடம். அந்த வீட்டு மாப்பிள்ளைகள் நாம் இரண்டு பேரும் அதில் செய்யக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. மரவேலையாவது தெரிகிறதா பார்க்கலாம். பெரியவளிடம் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்றாள். அது சம்மதமா இல்லையா என்று முப்பது வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

குழந்தையை முத்தமிட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் சகலை

•

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் நலம். வாண்டுக்குக் காது சரியாகிவிட்டது, இப்போது எங்கள் காதுதான் வலிக்கிறது, அவ்வளவு பேச்சு. உங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

தாராளமாகக் கட்டுங்கள். என் பங்குக்கு உழைப்பைத் தர முடியாத தூரத்தில் இருக்கிறேன், யோசனையாவது தருகிறேன். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்த ஒரே வேதம் மட்டம். அஸ்திவாரக் கற்களில் ஒன்று ஒரு விரல் ஏறியிருந்தால், மேலே கூரை போடும்போது அது ஒரு சாண் கோணலாக வந்து நிற்கும். கடையில் ரசமட்டம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கண்ணாடிபோல் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூலையிலும் பிடியுங்கள். தண்ணீர் பொய் சொல்லாது.

சின்னவளிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "யாரோ எங்கயோ கட்டறாங்க, எனக்கென்ன" என்றாள். அரை மணி நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே, "ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கிறாராம்" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கேட்டு எழுதுங்க" என்று சொல்லவில்லை. ஆனால் முகம் அப்படித்தான் இருந்தது.

அவள் கோபத்தை நான் நியாயம் என்றும் சொல்ல மாட்டேன், அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். வாண்டு வயிற்றில் இருந்தபோது டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு முடியாமல் போனது. அக்கா எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. "அவ நர்ஸா முடிவெடுத்தா, அக்காவா எடுக்கல" என்பாள் இவள்.

சரி, ஜன்னல் எந்தப் பக்கம்?

அன்புடன்,
தம்பி

•

மே 11

அன்புள்ள சகலைக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே என் உள்ளங்கை தவிர எல்லாம் சுகம். கொப்புளம் உடைந்து, காய்த்து, இப்போது கை என்னுடையது மாதிரியே இல்லை. லேபில் ஒரு மேல்வரிசைப் பல்செட்டைக் கையில் எடுத்தால் முட்டையை முறத்தில் வைத்தமாதிரி இருக்கிறது.

கற்கள் இறக்கியாகிவிட்டது. தண்ணீர் டியூப் உண்மையைச் சொன்னது, ஆனால் தாமதமாகச் சொன்னது. உங்கள் கடிதம் வருவதற்குள் நானே கண்ணளவில் ஆறு கல் பதித்துவிட்டேன். டியூபைப் பிடித்துப் பார்த்தால் ஏரிப் பக்கம் சாய்ந்து, வீடு தண்ணீர் குடிக்கக் குனிந்தமாதிரி இருந்தது. எல்லாவற்றையும் தோண்டி எடுத்து மறுபடி பதித்தேன். தரைச் சட்டமும் ஏறிவிட்டது. பலகைக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அச்சகத்தில் காகிதக் கட்டுகள் வந்திறங்கும் மரத்தட்டுகளைப் பின்பக்கம் குவித்து வைத்திருக்கிறார்கள். எடுத்துப்போனால் புண்ணியம் என்றார்கள். ஆணி பிடுங்குவதுதான் வேலை. இடிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு ஜன்னல் கிடைத்தது, கண்ணாடியோடு. ஒன்றின் சட்டத்தில் காம்பஸ் முனையால் யாரோ ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதை இழைக்க மனசு வரவில்லை.

பெரிய ஜன்னல் ஏரியைப் பார்த்து. இன்னொன்று கிழக்கே, காலை வெயிலுக்கு.

உங்கள் கடிதம் வீட்டு மேஜையில் பிரித்த நிலையில் இருந்தது. பசை சரியில்லை போலிருக்கிறது.

பிறகு, நானாக யோசித்ததில் சில விஷயம் தோன்றியது. சமையல் மேடை தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம், அப்போதுதான் முதுகு வளையாது. முதலுதவிப் பெட்டி கதவுக்கு இடப்பக்கம், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்றடி இடைவெளி. கை கழுவும் இடம் வெளியேயே இருக்க வேண்டும், உள்ளே வந்து கழுவுவது என்ன பழக்கம். எல்லாம் நானாக யோசித்ததுதான்.

பதில் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகலை

•

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கை காய்த்த செய்தியை வாண்டிடம் சொன்னேன். "பெரியப்பா கை காய்ச்சா அதுல பழம் வருமா" என்று கேட்கிறாள். வந்தால் அனுப்பவும்.

முப்பத்தாறு அங்குலமும் முதலுதவிப் பெட்டியும் யாருடைய யோசனை என்று நான் கேட்கப்போவதில்லை. அருமையான யோசனை என்று மட்டும் சொல்கிறேன்.

நானும் யோசித்தேன். நானாகத்தான். முப்பத்தாறு அங்குல மேடை உயரமானவர்களுக்குச் சரி. உலகத்தில் எல்லோரும் உயரமாகப் பிறந்துவிடவில்லை. சிலர் அந்த மேடையில் நின்று நறுக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். முப்பத்திரண்டுதான் மனிதர்களுக்கான அளவு. இரண்டாவது, பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெறும் வார்னிஷ் போதாது, ஏரிக்காற்றுக்குத் தாங்காது. முதலில் பிரைமர். காய்ந்த பிறகு உப்புத்தாள். அப்புறம் இரண்டு கோட், நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஒரே நாளில் இரண்டு கோட்டையும் பூசுகிறவர்கள் பெயின்ட்டுக்குத் துரோகம் செய்கிறவர்கள்.

தெரிந்த லாரியில் ஏழு டப்பா அனுப்பியிருக்கிறேன். சின்னவள் வேலை பார்க்கும் பெயின்ட் கடையில், கலந்த வர்ணம் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் விட்டுப்போன டப்பாக்கள். கடைக்காரர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார். எந்த டப்பா எதற்கு என்று மூடியில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் யாரோ எழுதியிருக்கலாம்.

அக்காவுக்கு என் வணக்கம்.

தம்பி

•

ஜூலை 20

அன்புள்ள சகலைக்கு,

அங்கே வெயில் எப்படி? வாண்டை வெயிலில் விடாதீர்கள், தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்லவும். இதுவும் நானாக யோசித்தது.

சுவர் நாலும் எழுந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வீடு. பக்கத்தில் போனால் மூலைக்கு மூலை இரண்டு விரல் வித்தியாசம். பல்லில் ஒரு மயிரிழை தப்பினால் நோயாளி திரும்பி வந்து திட்டுவார். மரம் திட்டாது, பேசாமல் நின்று மானத்தை வாங்கும். கதவை உள்பக்கம் திறக்கிறமாதிரி மாட்டினேன். திறந்தால் படுக்கைச் சட்டத்தில் முட்டி நின்றது. ஒல்லியானவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று போர்டு வைக்க வேண்டியிருந்திருக்கும். கீலைக் கழற்றி வெளிப்பக்கமாக மாற்றினேன். தரைக்குக் கீழே எலி வந்து குடியேறிவிட்டது. கிரகப்பிரவேசம் என்று ஒன்று நடந்தால் அதுதான் முதல் ஆள்.

மேடை விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டினேன். அடுப்பு வைக்கிற பாதி முப்பத்தாறு, நறுக்குகிற பாதி முப்பத்திரண்டு. நடுவில் ஒரு படி மாதிரி இறங்குகிறது. பார்ப்பதற்கு ஒரு மாதிரிதான். யார் வேண்டுமானாலும் அவரவர் பக்கம் நின்றுகொள்ளலாம்.

டப்பாக்கள் வந்து சேர்ந்தன. லாரிக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நான் லேபிலிருந்து வந்தபோது பெரியவள் ஏழையும் கூடத்தில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுத்து அழியாமல், ஓரத்தை மட்டும். "இன்னும் 'ஜன்னல்'ல சுழிய மறக்கறா" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒரு விஷயம் கேட்கட்டுமா? ஆகஸ்டில் கூரை போடுகிறேன். நீங்கள் மூவரும் வர முடியுமா? பெரியவள் இந்தக் குழந்தையை இன்னும் பார்த்ததில்லை.

சகலை

•

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் வீட்டில் யாருக்கும் சரியில்லை.

உங்கள் கடிதத்தைச் சின்னவளிடம் கொடுத்தேன். இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்தவன், இந்த முறை கையிலேயே கொடுத்தேன். சுழி விஷயம் வரைக்கும் படித்துச் சிரித்தாள். கடைசிப் பத்தியில் முகம் மாறிவிட்டது. "நான் போய் நின்னா, எல்லாம் சரியாப் போச்சுன்னு ஆயிடும். ஆளுக்கொரு டீயக் குடிச்சிட்டு மறந்துடுவாங்க. எனக்கு எதுவும் சரியாப் போகல" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்லப்போக, "உங்க அண்ணனுக்கு வீடு கட்டத் தெரியும், உங்களுக்கு லிஃப்ட் ஏத்தத் தெரியும். ரெண்டு பேரும் அதோட நிறுத்திக்கோங்க" என்றாள்.

வர இயலாது, அண்ணா. கோபித்துக்கொள்ளாதீர்கள். கூரைத் தகடுகளை ஏரிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து மேலே கொண்டுபோங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். தனியாக ஏற வேண்டாம். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

தம்பி

•

செப்டம்பர் 12

அன்புள்ள சகலைக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நான் சொல்லச் சொல்லப் பெரியவள் எழுதுகிறாள். ஏணி கொஞ்சம் நகர்ந்தது, நானும் கூடவே நகர்ந்தேன். வலது மணிக்கட்டில் சின்னதாக ஒரு முறிவு.

(சின்னது இல்லை. இரண்டு இடத்தில். எட்டு வாரம் கட்டு. யாரும் இல்லாத இடத்தில் தனியாக ஏணியில் ஏறியிருக்கிறார். ஏரிக்கு அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு வந்து தூக்கியிருக்கிறார். இது நான் எழுதுவது.)

அவள் ஏதோ சேர்த்து எழுதுகிறாள் என்று தெரிகிறது. நான் சொன்னதைவிட வரி அதிகமாக இருக்கிறது. போகட்டும். கூரையில் பாதி ஏறிவிட்டது, பாதிக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. அடுத்த மாதம் மழை பிடித்துவிடும். அதற்குள் கட்டுப் பிரிந்துவிட்டால்...

(பிரியாது. பிரிந்தாலும் ஏற விடமாட்டேன்.)

...நானே முடித்துவிடுவேன். போன வாரம் பெரியவளை வண்டியில் அங்கே கூட்டிப்போனேன், அவள்தான் ஓட்டினாள். முதல்முறையாகப் பார்த்தாள். சுற்றி வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

(நன்றாகத்தான் இருக்கிறது. கதவு கொஞ்சம் இழுக்கிறது. மேடையைப் பார்த்தேன்.)

அங்கே கோபம் யாருடையதாக இருந்தாலும் எனக்குப் புரிகிறது. கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சகலை

(சின்னு, அவர் தூங்கப் போய்விட்டார். குழந்தைக்குக் காது மறுபடி வலித்ததா? மூன்று வயதுக்குள் அடிக்கடி வந்தால் காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. பயப்பட ஒன்றுமில்லை. காட்டுவது நல்லது.)

•

செப்டம்பர் 23

அக்கா,

மாமாவுக்குக் கை எப்படி இருக்கிறது? வீக்கம் வடிந்ததா? விரலை அசைக்க முடிகிறதா? நீ பார்த்துக்கொள்வாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கேட்கிறேன். வாண்டைக் காது டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அடைப்புக்குறிகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அப்புறம் அப்படி வந்ததற்காகவே கோபம் வந்தது. இவர் பாவம், எதுவுமே கேட்காமல் வாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், அக்கா. நீ சொல்லியிருந்தால் நான் கட்டிலை விட்டு எழுந்து ஓடி வந்திருப்பேன், வாண்டு இன்றைக்கு இருந்திருக்கமாட்டாளோ என்னவோ. ஒவ்வொரு நாளும் அவள் தலையைத் துவட்டும்போது அதை நினைக்கிறேன். அதனால் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். எனக்கு அது வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது வேறு. அந்தக் கடைசி நாட்கள் எப்படிப் போயின என்று இதுவரை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அம்மா எந்தக் கட்டிலில் படுத்திருந்தாள், யார் பக்கத்தில் இருந்தது, என்ன பேசினாள், வலித்ததா, எதுவும் தெரியாது. மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் "அம்மா தூங்கறா" என்றாய். எனக்கு அம்மா இன்னும் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறாள். முடிந்துவிட்டது என்று புத்திக்குத் தெரிகிறது, அதைத் தவிர வேறெதற்கும் தெரியவில்லை.

நீ எல்லாம் பார்த்தாய். நீயே வைத்துக்கொண்டாய். அதில் எனக்கும் பங்கு உண்டு.

சின்னு

•

அக்டோபர் 4

சின்னு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். அவர் கை பரவாயில்லை, விரல் அசைகிறது.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வார்டில் கேஸ் ஷீட் எழுதுவதுமாதிரி வருகிறது. மணி, மருந்து, அளவு. நீ கேட்பது அது இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கேஸ் ஷீட்டை உனக்கு அனுப்ப மாட்டேன்.

நேரில் சொல்கிறேன். ஒன்று விடாமல் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது எனக்கும் சுலபமாக இல்லை.

வா. கூரை பாதியில் நிற்கிறது. அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். உன் வீட்டுக்காரர் ஏறட்டும், ஏணியை நான் பிடிக்கிறேன். சுவருக்கு ஒரு கோட் கூட இன்னும் பூசவில்லை. அது உன் வேலை, எனக்குத் தெரியாது. குழந்தைக்குக் கம்பளிச் சட்டையும் ரப்பர் செருப்பும் எடுத்துக்கொள், கரையெல்லாம் சேறு.

அக்கா

•

டிசம்பர் 10

அன்புள்ள சகலைக்கு,

கோழி கிளறியதுபோல் இருக்கிற இந்த எழுத்து என்னுடையதுதான். கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது, மணிக்கட்டு இன்னும் துரு ஏறிய கீல்மாதிரி இருக்கிறது. எழுதினால்தான் இளகும் என்று வீட்டு நர்ஸ் உத்தரவு. கூரையை முடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் மூவரும் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்ததும், வாண்டு ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் தூங்கியதும், வாந்தி எடுத்ததும் எல்லாம் தெரியும். எனக்கு முன்னாலேயே பெரியவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வருடம் மழை தள்ளித் தள்ளிப் போய், முதல் பெரிய மழை போன வாரம்தான் அடித்தது. மரவீட்டில்தான் இருந்தோம். நீங்கள் போட்ட பாதிக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் பாதியில் இரண்டு இடத்தில் ஒழுகியது. நீங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், நான் தாரும் துணியும் வைத்து அடைத்துக்கொண்டேன்.

நீங்கள் வந்திருந்தபோது சொல்லாத ஒன்றை எழுதிவிடுகிறேன். இரண்டாம் நாள், நீங்கள் கடைசித் தகடு வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்களே, அப்போது நடந்தது. நான் வெளியே மரத்தட்டின்மேல் உட்கார்ந்து வாண்டுக்கு ஆணிகளைப் பெரியது சின்னது என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேரும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் முழுக்கப் பிரைமரைப் பற்றியே பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று கட்டியவனுக்குத் தெரியாதா, பலகைக்குப் பலகை இடுக்கு. காதில் விழுந்தது.

"மூணு தடவை போன் பண்ணினியே. அதுல ரெண்டு தடவை நிஜமாவே தூங்கினா" என்றாள் பெரியவள்.

பிரஷ் சத்தம் நின்றது.

"மூணாவது தடவை?"

"முழிச்சிருந்தா. போன் மணி கேட்டு யாருன்னு கேட்டா. சின்னுன்னு சொன்னேன். சாப்பிட்டாளான்னு கேட்டா. சாப்பிட்டா, நல்லா சாப்பிடறான்னு சொன்னேன். வயிறு எவ்வளவு பெருசாயிருக்குன்னு கேட்டா. நான் கையால காட்டினேன், இவ்வளவுன்னு. சிரிச்சா. அதுக்கப்புறம் உன் ஜடையப் பத்திப் பேசிட்டிருந்தா, ஸ்கூலுக்குப் போறப்போ நீ தலை பின்ன விடமாட்டேன்னு ஓடுவியே, அத."

அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று வாண்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டேன். கை வலித்தது, ஆனாலும் தூக்கினேன். நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கும் கண் வீங்கியிருந்தது. ஒரு சுவர் முழுக்க முடிந்திருந்தது. சின்னவள் பெரியவளிடம், "இங்க பாரு, திட்டுத் திட்டாத் தெரியுது, நீ அடிச்ச இடம்" என்றாள். பெரியவள் அதே இடத்தில் மறுபடி அடித்தாள். முப்பது வருடத்தில் பெரியவளிடம் இன்னொருவர் குறை சொல்லி, அவள் அதைத் திருத்தி நான் பார்த்ததில்லை.

சொந்தம் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து நான் இந்த வீட்டைத் தொடங்கவில்லை, சகலை. சும்மா இருக்க முடியாமல்தான் தொடங்கினேன். அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்கு மாலை போட வேண்டாம்.

இப்போது புது வேலை ஒன்று வந்திருக்கிறது. வாண்டு தரையில் படுத்ததில் ஈரம் ஏறியிருக்கும் என்று பெரியவளுக்குச் சந்தேகம். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே குழந்தைக்கு ஒரு கட்டில் அடிக்க வேண்டுமாம், கீழே இழுப்பறையோடு. மிச்சப் பலகை போதும். நீளம் எவ்வளவு வைப்பது என்று கேட்டேன். இப்போதைய உயரத்துக்கு அடித்தால் இரண்டு வருடத்தில் கால் வெளியே வந்துவிடும், வளர்ச்சிக்கும் சேர்த்து வைக்க வேண்டும், அதற்கு இப்போது எவ்வளவு உயரம் என்று சரியாகத் தெரிய வேண்டும் என்றாள். உத்தேசமாக அடிக்கிறேன் என்றேன். "நீங்க உத்தேசமா அடிச்சது போதும்" என்றாள்.

இங்கே மரவீட்டில் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே. மேட்டில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் மட்டும் இரண்டு கோடு தெரியும். என் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, அளவுநாடாவையும் எதற்கோ கையில் எடுத்துக்கொண்டு, சின்னவளிடம் கேட்கக் கிளம்பிவிட்டாள். குளிர் காது மடலைக் கடிக்கிறது. நான் வரட்டுமா என்றேன், எதற்கு என்றாள்.

ஏரி ஜன்னலில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் டீ கொதித்து, இறக்கி, ஆறி, மறுபடி சுட வைத்தாகிவிட்டது. பாறைமேல் அவள் தெரிகிறாள். முதலில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் காற்றில் என்னவோ காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு குழந்தையின் உயரத்தைக் கேட்க இவ்வளவு நேரம் ஆகாது, சகலை. டீயை மூன்றாம் தடவையும் சுட வைக்கப்போகிறேன். அங்கே எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் சகலை